கண்ணை மூடிக் கை தூக்கு

1988, பிப்ரவரி 9

அன்புள்ள ஐஸ் அண்ணனுக்கு,

உன் தங்கை கம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைக் கேட்காதே, நானே சொல்கிறேன்.

பாட்டுப் பதிவுக்காக இங்கே வந்து சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. சங்குக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாடுகிறவன் வெந்நீரும் கையுமாக ஊமை மாதிரி சைகை காட்டிக்கொண்டு திரிகிறான். இடி டிரம்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தட்டுகிறான். மேசை, கதவு, பக்கத்து அறைக்காரரின் பொறுமை எல்லாம் அடி வாங்குகின்றன. உன் இடத்துக்கு வந்திருக்கும் பேஸ் கிட்டார்காரனுக்குப் 'புதுசு' என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல பிள்ளை, தாளம் பிசகுவதில்லை. அவனை எனக்குப் பிடிக்கவில்லை. அவன் மேல் ஒரு தப்பும் கிடையாது.

உன்னைக் குழுவிலிருந்து அனுப்பியதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது நம் சட்டம், தெரியும். ஒரு ஆளைப் பற்றிய முடிவு என்றால் அந்த ஆள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு எண்ண வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக் கை தூக்க வேண்டும். எண்ணிச் சொன்ன பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வெளியே போய் டீ வாங்கி வருவது யார் என்று தினமும் சண்டை வந்தபோது நீதான் அந்தச் சட்டத்தைப் போட்டாய். டீக்குப் போட்ட சட்டம் உன் தலையிலேயே விடியும் என்று யார் கண்டது? ரெக்கார்டிங் கம்பெனிக்காரர் வந்து, "பேஸ் கிட்டார் பின்னால இழுக்குது. வேற ஆள் போட்டா ஒப்பந்தம், இல்லன்னா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நாம் ஒத்திகை பார்க்கும் உன் ஆப்பிள் குளிர்கிடங்கின் கம்ப்ரசர் அறையில், நீ ஆப்பிள் பெட்டி மேல் உட்கார்ந்து, "சரி, நான் போகணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றாய். நாங்கள் மூன்று பேரும் கண்ணை மூடினோம். நீ எண்ணி, "மூணு" என்றாய். பஸ்ஸில் எத்தனை டிக்கெட் என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாய். பிறகு எழுந்து போய் கம்ப்ரசருக்கு எண்ணெய் விட்டாய்.

அதில் ஒரு கை என்னுடையது. நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா, பார்த்தவனே நீதான். மூன்று பேரும் சேர்ந்துதானே முடிவு செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன்.

இதில் இன்னொரு கூத்து. இவ்வளவும் செய்துவிட்டு வந்தால் பாட்டு வரவில்லை. பதிவு அறையில் சுவரெல்லாம் பஞ்சு, தரையெல்லாம் கம்பளம். ஊசி விழுந்தால் ஊசிக்கே கேட்காது. பியானோவை வைத்து எல்லோருக்கும் சுருதி சேர்க்கிறார்கள். 'நாலு டிகிரி' பாட்டை இருபது தடவை வாசித்துவிட்டோம். அதே விரல்தான், அதே வரிதான், ஆனால் பாட்டு செத்துக் கிடக்கிறது. கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். உன்னையும் அனுப்பிவிட்டு, பாட்டும் இல்லாமல், என்ன முகத்தோடு வீட்டுக்கு வருவேன்?

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

இப்படிக்கு,
உன் கம்பி


1988, பிப்ரவரி 17

அடி கம்பி,

கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் ஒப்பாரி. சட்டத்தை மீறிவிட்டாய், இந்த ஒருமுறை மன்னிக்கிறேன். எண்ணியாயிற்று, முடிந்தது. இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

நான் பின்னால் இழுத்தது உண்மைதான். ஒரு காது பாட்டில் இருக்கும், மறு காது கம்ப்ரசரில் இருக்கும். பெல்ட் கொஞ்சம் வழுக்கினாலும் என் விரல் நின்றுவிடும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கிடங்கில் இருக்கிற நானூறு டன் ஆப்பிளுக்கு நான் ஒருவன்தான் டாக்டர் என்பதை உன் கம்பெனிக்காரரிடம் சொல்.

இப்போது காரியத்துக்கு வருவோம். அந்தப் பியானோ சரியாகத்தான் இருக்கும். தப்பு நம்முடையது. ஐந்து வருஷமாக நீ எதை வைத்துச் சுருதி சேர்த்தாய் என்று யோசித்துப் பார். கம்ப்ரசரோடு சண்டை போட முடியாது என்று உன் மூன்றாவது கம்பியை அதன் முனகலுக்கு முறுக்குவாய். மற்ற ஐந்தையும் அந்த ஒன்றோடு சேர்ப்பாய். நேற்று பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரிடம் சுருதிக் குழலைக் கடன் வாங்கி வந்து ஊதிப் பார்த்தேன். ஊர் உலகமெல்லாம் வைத்திருக்கும் சுருதிக்கு நம் கம்ப்ரசர் ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. சங்கின் தொண்டையும் அங்கேதான் பழகியது. நாலு பேரும் சேர்ந்து செய்த தப்பு என்பதால் ஒருவருக்கும் தப்பாகவே தெரியவில்லை.

இரண்டாவது விஷயம். உங்கள் அறையில் சத்தமே இல்லை என்கிறாய். நம் பாட்டெல்லாம் அந்த முனகலின் மேல் கட்டியது. அஸ்திவாரத்தை இங்கே விட்டுவிட்டு வீட்டை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனால் நிற்குமா?

இத்துடன் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் முழுக்கக் கம்ப்ரசர்தான். மூன்றாவது கம்பியை அதற்குச் சேர். பாட்டுக்கு அடியில் மெல்ல அதை ஓட விடு. நடுவில் ஓரிடத்தில் கிடங்கு மேனேஜர் தும்முவார். அதை மட்டும் எடுத்துவிடு.

அம்மா உன் கடிதத்தை எப்படியோ படித்துவிட்டாள். "அவளுக்கு ஒழுங்கா சாப்பிடச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

ஆப்பிள்கள் சார்பாகவும்,
ஐஸ் அண்ணன்


1988, நவம்பர் 2

என் தங்கமான அண்ணனுக்கு,

பார்சலைப் பிரித்துவிட்டுக் கடிதத்தைப் படிக்கிறாயா, படித்துவிட்டுப் பிரிக்கிறாயா? உள்ளே இருப்பது எங்கள் இசைத்தட்டு. சொல்லச் சொல்லக் கை துள்ளுகிறது!

உன் கேசட்டைப் போட்ட அன்று கம்பெனிக்காரர், "இது என்ன, ஃபிரிட்ஜ் ரிப்பேரா?" என்று கேட்டார். நான் மூன்றாவது கம்பியை மயிரிழை ஏற்றினேன். சங்கு வாயைத் திறந்தான். இரண்டாவது வரியிலேயே இடியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தொலைந்த குழந்தை வீட்டு வாசலைப் பார்த்த மாதிரி ஆனான். ஒரே தடவை வாசித்தோம். முடிந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மறுநாள், "எல்லாப் பாட்டுலயும் அந்த ஃபிரிட்ஜைப் போடுங்க" என்றார்.

தும்மலை எடுக்கவில்லை. எடுத்தால் அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. மேனேஜரிடம் சொல்லிவிடு.

இரண்டு மாதமாக வானொலியைத் திறந்தால் 'நாலு டிகிரி'தான். சலவைக் கடையில், பஸ்ஸில், பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போது, எல்லா இடத்திலும் நம் கம்ப்ரசர் முனகுகிறது. உறையின் பின்பக்கம் பார். 'கிட்டாரும் பாடல் வரிகளும்: கம்பி' என்பதற்குக் கீழே 'முனகல்: ஐஸ்' என்று போட்டிருக்கிறது. அச்சகத்துக்காரர் இது எழுத்துப் பிழையா என்று இரண்டு தடவை கேட்டார்.

வருகிற 26ஆம் தேதி பெரிய அரங்கில் எங்கள் முதல் கச்சேரி. முன்வரிசையில் நாலாவது நாற்காலி உனக்கு. நீ வந்து உட்கார்ந்தால்தான் நான் செய்தது பாவமா புண்ணியமா என்று எனக்குத் தெரியும். வந்துவிடு அண்ணா.

ஆவலோடு,
கம்பி


1988, நவம்பர் 30

அன்புள்ள கம்பிக்கு,

வர முடியவில்லை. 25ஆம் தேதி வால்வு ஒன்று காலை வாரிவிட்டது. ஆப்பிளை வேகவிட்டு நான் பாட்டுக் கேட்க வந்தால் நன்றாகவா இருக்கும்?

ஆனால் இங்கே நடக்கிற கூத்தைக் கேள். முடிவெட்டுகிற கடையில் உன் பாட்டு வந்தது. கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "சார், இந்த முனகல் உங்களதா?" என்றார். ஆமாம் என்றேன். அரைத் தலையோடு இருபது நிமிஷம் பேட்டி கொடுத்தேன். மேனேஜரைப் பிடிக்கவே முடியவில்லை. "ரெக்கார்டுல தும்மினது நான்தான்" என்று லாரி டிரைவர்களிடம் எல்லாம் சொல்கிறார். நம்பாதவர்களுக்கு நேரிலேயே தும்மிக் காட்டுகிறார்.

எனக்குப் பெண் பார்த்தாயிற்று. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை. என்னைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி, "எப்பவும் இப்படித்தான் ஆயில் வாசனை வருமா?" பிடித்துவிட்டது.

எல்லா ஊரும் போய் வா. ஜெயித்துக்கொண்டே இரு.

ஐஸ் அண்ணன்


1991, மே 14

அன்புள்ள கம்பிக்கு,

புதுத் தட்டு வந்தது. மூன்று தடவை கேட்டேன். உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ மாதிரி இருக்கு" என்றாள். அந்த ஏதோ என்ன என்று நான் சொல்கிறேன். கோபித்துக்கொள்.

கிட்டார் பிரமாதம். விரல் அப்படி ஓடுகிறது. ஆனால் பாட்டில் ஆள் இல்லை. 'நாலு டிகிரி'யில் ஒருத்தி கையுறை இல்லாமல் பெட்டி தூக்குவாள். அவள் விரல் மரத்துப்போவது எனக்கு வலித்தது. இதில் கனவு வருகிறது, வானம் வருகிறது, சிறகு வருகிறது. யாருடைய சிறகு அது? கோழியா, கொக்கா? நீ ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறாய். ஓட்டலில் வேலை செய்கிறவர்களைப் பார்க்கவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஊரே கைதட்டுகிறபோது ஒருவனாவது சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

அண்ணன்


1991, மே 29

அண்ணா,

ஊர் கைதட்டவில்லை. உனக்குச் செய்தி தாமதமாக வருகிறது. தட்டு விற்கவில்லை. பாதி அரங்கு காலி. பத்திரிகைக்காரர்கள் எழுதியதைப் படித்து நான் ஏற்கெனவே அழுது முடித்த பிறகுதான் உன் கடிதம் வந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச உனக்கு எங்கிருந்து கை வந்தது?

அதுவும் யார் சொல்வது? மூன்று வருஷத்தில் நூற்றுப் பதினாறு கச்சேரி. ஒன்றுக்காவது வந்தாயா? ஒவ்வொரு ஊரிலும் முன்வரிசையில் நாலாவது நாற்காலியை யாருக்கும் தராதே என்று நான் சண்டை போட்டு வைக்கிறேன். வால்வு, பெல்ட், ஆடிட்டர், அண்ணியின் பல்வலி. என்னென்ன காரணம்! சொந்த ஊர்ப் பக்கம் வந்தபோதுகூட நாங்கள் தங்கிய இடத்துக்கு நீ வரவில்லை. நான்தான் வீட்டுக்குத் தனியாக வந்து பார்த்தேன். இடியும் சங்கும், "அண்ணன் எங்கள மறந்துட்டாரா?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மூன்று பேர் கை தூக்கினோம். உன் கோபம் மூன்று பேர் மேலுமா, இல்லை, உடன்பிறந்தவள் என்பதால் என் மேல் மட்டுமா?

கம்பி


1993, ஆகஸ்ட் 20

அண்ணனுக்கு,

இரண்டு வருஷம் நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் வராது என்று புரிந்துகொண்டேன். சண்டைக்கு வரவில்லை, தட்டு அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி ஒட்டினேன். மறுவாரமே ஓட்டலின் அடித்தளத்துக்கு இறங்கிப் போனேன். அங்கே துணி வெளுக்கிற அறையில் ஒரு அம்மா நாள் முழுக்க விரிப்புகளை இஸ்திரி போடுகிறார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "பதினெட்டு வருஷம். ஆனா இந்த மெத்தையில ஒரு நாளும் படுத்ததில்லமா" என்று சிரித்தார். அன்றைக்கு அவரை என் அறைக்குக் கூட்டிப் போய் மெத்தையில் படுக்கச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் குறட்டை. நான் தரையில் உட்கார்ந்து, அந்தக் குறட்டைக்கு மூன்றாவது கம்பியைச் சேர்த்தேன்.

'இஸ்திரி' என்று முதல் பாட்டு. கேட்டுப் பார். ஆள் இருக்கிறாரா சொல்.

கம்பி


1993, செப்டம்பர் 6
(அஞ்சலட்டை)

கம்பிக்கு,

இருக்கிறார். கேட்டேன். அண்ணி அழுதாள். அம்மா அழுதாள். நான் அழவில்லை, எனக்குச் சளி.

பொதியோடு படுத்துவிட்ட கழுதையை உதைத்து எழுப்பியது தப்புதான், ஆனால் குதிரையாக எழுந்து நிற்கிறதே!

கோபம் யார் மேலும் இல்லை. நம்பு.

ஐஸ்


1998, மார்ச் 11

அண்ணா,

நேற்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பத்து வருஷ நிறைவு என்று வானொலியில் நேரடிப் பேட்டி. நான், சங்கு, இடி மூவரும் போனோம். 'இஸ்திரி'க்கு அப்புறம் வந்த நாலு தட்டும் ஓடு ஓடென்று ஓடியதைப் பற்றிப் பேசினோம். நடுவில் அந்தப் பேட்டிக்காரப் பெண் சாதாரணமாகக் கேட்டாள். "ஆரம்பத்துல வேற பேஸ் கிட்டார்காரர் இருந்தாராமே, அவரை ஏன் மாத்தினீங்க?"

இடி சட்டத்தை மறந்துவிட்டான். பத்து வருஷம் அடக்கி வைத்திருந்தான் போல. "அது இவங்க ரெண்டு பேரும் எடுத்த முடிவுங்க. நான் கை தூக்கவே இல்ல" என்றான்.

சங்கு அவன் பக்கம் திரும்பினான். "என்னடா சொல்ற? நானும் தூக்கலையே!"

அண்ணா, வானொலியில் ஐந்து நொடி மௌனம் என்றால் ஐந்து வருஷம். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மடியில் கிட்டார் இருந்தது. பேட்டிக்காரப் பெண் அவசர அவசரமாகச் சோப்பு விளம்பரத்தைப் போட்டாள்.

மூணு இல்லை. ஒன்று. அந்த ஒன்று நான்.

நீ எண்ணினாய். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினாய். ஒரே ஒரு கைதான் எழுந்தது, அதுவும் உன் கூடப் பிறந்தவளின் கை. அதைப் பார்த்துவிட்டு, முகம் மாறாமல், "மூணு" என்றாய். பத்து வருஷம் நான் அந்த மூன்றுக்குள் ஒளிந்துகொண்டு நிம்மதியாக இருந்தேன். இடி பத்து வருஷமாக என்னையும் சங்கையும் துரோகி என்று நினைத்திருக்கிறான். சங்கு எங்கள் இருவரையும் அப்படி நினைத்திருக்கிறான். பேசக் கூடாது என்று சட்டம். ஒருவரும் பேசவில்லை.

ஏன் பொய் சொன்னாய்? நீ நிஜத்தைச் சொல்லியிருந்தால், 'ஒண்ணு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ இன்றைக்கு எங்களோடு இருந்திருப்பாய். எல்லா மேடையும் உன்னுடையதும்தான். அதைத் தட்டிவிட்டுப் போனாயே, எதற்கு? என்னைக் காப்பாற்றவா? என்னால் தாங்க முடியவில்லை. பதில் எழுது. இந்த முறை பதில் எழுதாமல் விட்டுவிடாதே.

கம்பி


1998, மார்ச் 19

என் கண்ணே கம்பி,

வானொலியை நானும் கேட்டேன். அந்தச் சோப்பு விளம்பரத்தை இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்து, "அட கல்லுளிமங்கா" என்றாள். அவளிடமும் நான் சொன்னதில்லை.

சரி, சட்டம் உடைந்துவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

இடி கையைத் தூக்கவில்லை. முட்டிக்கால் நடுவில் இறுக்கி வைத்திருந்தான். சங்கும் தூக்கவில்லை. அவர்கள் இருவருக்கும் என் மேல் இருந்தது பாசம். பாசத்துக்குக் காது கிடையாது. நம் நாலு பேரில் காது உள்ளவள் நீ ஒருத்திதான். நான் இழுக்கிறேன் என்று உனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். எனக்கும் தெரியும். நான் பார்த்தது என்ன என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் கை நேராக மேலே நின்றது. கொஞ்சமும் ஆடவில்லை. ஆனால் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டே கையை இறக்காமல் வைத்திருக்கிறாளே, இவள் ஜெயிப்பாள் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

'ஒண்ணு' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு பேரும் உன்னோடு மல்லுக்கு நின்றிருப்பார்கள். ஒப்பந்தம் போயிருக்கும். நாலு பேரும் இங்கேயே உட்கார்ந்து ஆப்பிளுக்குக் கச்சேரி செய்திருப்போம். ஆப்பிள் கைதட்டாது, கம்பி. அதனால் மூணு என்றேன். மூணு என்றால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பொய் போதும், இரண்டாவது வேண்டாம். பேஸ் கிட்டாரைப் பரணில் போட்டேன். ஆறு மாதம் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு முடிவெட்டுகிற கடையில் அந்த முனகலைக் கேட்டேனே, அன்றைக்கு ஆறிப்போயிற்று.

கச்சேரிக்கு ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறதா? வந்தால் இடி என்னைக் கட்டிக்கொண்டு, "நான் தூக்கல அண்ணே" என்று அழுவான். அடுத்த நொடி சங்கும் அதையே சொல்வான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பத்து வருஷம் அந்த இரண்டு பேரிடமிருந்தும் தப்பித்தேன். வால்வு மேல் பழி போட்டேன். பாவம், அந்த வால்வு இன்றுவரை பழுதானதே இல்லை.

என்னை மறுபடி பேஸ் வாசிக்கக் கூப்பிடுவாய் என்று தெரியும். கூப்பிடாதே. நீ தூக்கிய கை சரியான கை. அதை இப்போது பொய்யாக்காதே.

என்றும் உன்,
ஐஸ் அண்ணன்


1998, ஏப்ரல் 2

அண்ணா,

மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தோம். இடி அழுத அழுகையில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். சங்குக்கு மறுபடி தொண்டை கட்டிவிட்டது.

மே 16, நம் ஊர் விளையாட்டு மைதானம். முப்பதாயிரம் பேர். மாலை ஐந்து மணிக்கு ஆரம்பம், வெளிச்சம் இருக்கும்போதே. வால்வு, பெல்ட், பல்வலி ஒன்றும் செல்லாது. மேனேஜருக்கு நானே எழுதி, உனக்கு லீவு வாங்கிவிட்டேன். தும்மலுக்குக் கைம்மாறாக.

பேஸ் வாசிக்க வேண்டாம். உன் பழைய வேலை ஒன்று இருக்கிறதே, அதைச் செய்ய வா.

உன் பதிலை எதிர்பார்க்காமல்,
கம்பி


1998, மே 18

என் உயிர்க் கம்பிக்கு,

நீங்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டீர்கள். நான் கம்ப்ரசர் அறையில், அதே ஆப்பிள் பெட்டி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று முன்தினம் நீ கண்ணை மூடியிருந்தாய். அங்கே கண்ணைத் திறந்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்த முறை பார்த்ததையாவது உடனே சொல்லிவிட வேண்டும்.

நாலாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். 'நாலு டிகிரி' ஆரம்பிக்கும் முன்னால் அந்த முனகல் மைதானம் முழுக்கப் பரவியதும் என் கை தானாக எண்ணெய்க் குப்பியைத் தேடியது. தும்மல் வருகிற இடத்தில் முப்பதாயிரம் பேரும் சேர்ந்து தும்மினார்களே, இது உங்கள் கச்சேரிகளில் வழக்கமா? ஏன் எனக்கு முன்பே எழுதவில்லை? மேனேஜர் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். உன் அண்ணி சிரித்துச் சிரித்து அம்மா மேல் சாய்ந்துவிட்டாள். அம்மா மட்டும், "இவ ஒழுங்கா சாப்பிடறாளா பாரு, எலும்பா இருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு நீ மைக்கில் என்னைக் கூப்பிட்டாய். மேடைப் படி ஏறினேன். நீ அந்தச் சட்டத்தை எல்லோருக்கும் விளக்கினாய். "இவர் எங்க அண்ணன். கடைசிப் பாட்டு முடியற வரைக்கும் இவர் எங்களோட இந்த மேடையிலயே இருக்கணும்னு நினைக்கிறவங்க, கண்ணை மூடிக் கை தூக்குங்க. அவர் எண்ணுவார்" என்றாய்.

அப்போது நான் பார்த்தது இதுதான்.

முதலில் கண்கள் மூடின. மைதானம் முழுக்க, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், ஒவ்வொரு வரிசையாக. இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். முறைத்தேன், மூடிக்கொண்டார். பிறகு கைகள் எழுந்தன. வெயில் சாய்ந்திருந்தது. கைகளின் நிழல் முன்னால் இருந்தவர்களின் தலையிலும் தோளிலும் விழுந்தது. வேலி ஓரத்தில் ஐஸ்கிரீம் விற்பவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தூக்கினார். போலீஸ்காரர் ஒருவர் தூக்கலாமா கூடாதா என்று பாதி உயரத்தில் வைத்திருந்தார். யாரும் சத்தம் போடவில்லை. அவ்வளவு பேர் அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. முனகல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் பக்கத்தில் திரும்பினேன். சங்கு கையைத் தூக்கி, தலையைக் குனிந்திருந்தான். இடி குச்சியோடு இரண்டு கையையும் தூக்கியிருந்தான். ஒன்றைத்தான் கணக்கில் எடுத்தேன். புதுசும் தூக்கியிருந்தான். தங்கமான பையன், ஆனால் பழைய கணக்கில் அவனுக்கு ஓட்டு இல்லை. நீ கிட்டாரை இடுப்பில் தள்ளிவிட்டுக் கையை நேராக வைத்திருந்தாய். ஆடவில்லை. தாடை வரைக்கும் நனைந்திருந்தது. அதே கை, அதே கண்ணீர், கம்பி. பத்து வருஷத்தில் அந்த இரண்டு மட்டும் மாறவே இல்லை.

மைக்கில் நான் "மூணு" என்று சொன்னதும் மைதானமே கண்ணைத் திறந்து சிரித்தது. இந்த ஆளுக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்திருப்பார்கள். நீங்கள் மூன்று பேரும் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டீர்கள். பழைய பொய்யைக் கிண்டலாகத் திரும்பச் சொல்கிறேன் என்று நீங்களும் நினைத்துவிட்டீர்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கிண்டல் இல்லை. முப்பதாயிரம் கையை எண்ண எனக்குத் தேவை இருக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த அறையில் கண்ணை மூடியவர்கள் மூன்று பேர். அந்த மூன்று கையைத்தான் எண்ணினேன். இந்த முறை மூன்றும் எழுந்திருந்தன.

நான் சொன்னது நிஜம்.

உன் அண்ணன்